வழியில் ஒன்று நடந்தால் யாருடைய காசு? – லொறி வேலை தேடும் தம்பிமாருக்கு

கனரக வாகன அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு "அண்ணை, எந்த முதலாளியிடம் சேரலாம்?" என்று கேட்டு வருகிற தம்பிமார் இப்போது எங்கள் ஊரில் கூடிவிட்டார்கள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விடயம் அல்ல இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலுக்குள் வந்தபோது வழி சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அப்பா தோட்டம் செய்தவர். மாமாமார் கடை வைத்திருந்தார்கள். லொறி ஓட்டிப் பிழைத்தவர் என்று எங்கள் உறவில் யாரும் இல்லை. இந்தத் தொழிலின் நெளிவுசுழிவுகள் விளங்குவதற்குள் மூன்று இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட என் கையை விட்டுப் போய்விட்டது. ஒரு வருடத்தின் பெரும்பகுதி நித்திரை இல்லாமல் கழிந்தது. அந்தக் காசையும் நித்திரையையும் நீங்கள் இழக்கக்கூடாது. எல்லாரும் முதலில் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். கேளுங்கள், ஆனால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். வழியில் ஒன்று நடந்தால் அது யாருடைய காசு என்று கேளுங்கள். ரயர் வெடித்தால், பொலிஸ் தண்டம் எழுதினால், மூட்டை குறைந்தால், மாடு குறுக்கே வந்தால் யார் கட்டுவது? முதலாளி எப்படிப்பட்டவர் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

நான் முன்பு ஓட்டோ வைத்திருந்தேன். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் முறையில் ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று கொடுக்கத் தொடங்கியபோது, அந்த 5 லீற்றரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்பது தெளிவாகிவிட்டது. வரிசையில் நின்ற நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஓடிய நேரத்தைவிட அதிகம். ஓட்டோவை விற்றுக் கடனை அடைத்தேன். மிச்சக் காசில் பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்து லொறி பழகினேன். பயிற்சி, மருத்துவச் சான்றிதழ், பரீட்சை, போக்குவரத்து என்று எல்லாமாக 60,000 ரூபா வரை முடிந்தது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அனுமதிப்பத்திரத்தின் பின்பக்கத்தில் எந்த வகுப்பு போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு 'சீ1' போதும். அதற்கு மேல் போனால் 'சீ' வேண்டும். தொடுவை (ட்ரெயிலர்) பூட்டிய வண்டி என்றால் 'சீஈ'. "எல்லாம் ஒன்றுதான், ஏறி ஓட்டும்" என்று சொல்கிற முதலாளிமார் இருக்கிறார்கள். வகுப்பு பொருந்தாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார், வழக்கு உங்கள் பெயரில் வரும். கனரக அனுமதிப்பத்திரத்தை 4 வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். திகதி முடிந்த பத்திரத்தோடு ஓடுவது பத்திரமே இல்லாமல் ஓடுவதற்குச் சமம்.

யாழ்ப்பாணத்தில் லொறி வேலை என்றால் ஒரே வேலை அல்ல. பட்டா என்கிற சின்ன லொறியில் உள்ளூர்க் கடைகளுக்குச் சாமான் போடுவது ஒன்று. பகலில் ஓடி இரவு வீட்டில் படுக்கலாம், காசு குறைவு. திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் சந்தைகளில் மரக்கறி, வெங்காயம், வாழைக்குலை ஏற்றித் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ போவது இன்னொன்று. குருநகர், பாசையூர், மயிலிட்டிப் பக்கம் மீன் ஏற்றிப் பேலியகொடைக்கு ஓடுகிற குளிரூட்டி வண்டிகளில் காசு நல்லது. ஆனால் விடியச் சந்தை கூடுமுன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எப்போதும் கழுத்தில் இருக்கும். அந்த அவசரத்தில்தான் விபத்துகள் நடக்கின்றன. டிப்பரில் மணலும் கிரவலும் ஏற்றுவது வேறு உலகம். மணல் கொண்டுபோவதற்கான வழி அனுமதிப்பத்திரத்தில் வாகன இலக்கம், திகதி, நேரம், போகிற இடம் எல்லாம் இருக்கும். அதில் ஒன்று பிசகினாலும் நீதிமன்றத்தில் நிற்பது சாரதிதான். வண்டி மாதக்கணக்கில் பொலிஸ் நிலைய வளவில் நிற்கும், முதலாளிக்கு வேறு வண்டி இருக்கும், உங்களுக்கு வேறு வேலை இருக்காது. அந்த வழி அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொரு நடைக்கும் கையில் தராத மணல் முதலாளியிடம் எத்தனை ஆயிரம் தந்தாலும் போகாதீர்கள். கடைசியாக, பிஸ்கட், குளிர்பானம், மா, சீமெந்து போன்றவற்றை விநியோகிக்கும் நிறுவனங்களின் வண்டிகள். சம்பளம் பெரிதாகத் தெரியாது, ஆனால் மாதம் முடியக் காசு வரும். அதன் அருமை அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் போனது கொழும்பு லொறிக்கு. வலிகாமத்தில் மூன்று நான்கு லொறி வைத்திருந்த ஒருவர். பெயர் வேண்டாம். வீட்டு முன் விறாந்தையில் கதிரை போட்டுத் தேநீர் தந்து பேசினார். "தம்பி, நீர் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். என்னிடம் இருப்பவர்கள் என் பிள்ளைகள் மாதிரி" என்றார். மாதச் சம்பளம் 45,000 ரூபா, ஒவ்வொரு நடைக்கும் 2,500 ரூபா தனியாக, சாப்பாட்டுக் காசு வேறு. பிணைக்காசாக 50,000 ரூபா கேட்டார், வேலையை விட்டுப் போகும்போது திருப்பித் தருவதாகச் சொன்னார். மனைவியின் சங்கிலியை வங்கியில் அடகு வைத்துக் கட்டினேன். பற்றுச்சீட்டுத் தரவில்லை. ஓய்வுக்காலத்துக்குச் சேரும் ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேட்டபோது, "முதலில் ஆறு மாதம் போகட்டும், பிறகு போடுவோம்" என்றார். சாரதி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதியைத் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டு, நடை போகிறபோது மட்டும் எடுத்துத் தருவார். எல்லா இடத்திலும் இப்படித்தான் வழக்கம் என்றார்.

அப்படி வழக்கம் எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் உங்களுடைய ஆவணம். வண்டி ஓட்டுகிறபோது அது உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், ஓட்டாதபோது உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். வேண்டுமானால் நிழற்பிரதி கொடுங்கள். மூலப்பிரதியை வாங்கி வைப்பவர் நாளைக்கு நீங்கள் வேறு இடத்துக்குப் போகாமல் தடுக்கத்தான் வைக்கிறார். சேமலாப நிதியும் அப்படித்தான். ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருந்தாலும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதலாளி அதைக் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் கையிலிருந்து 3 சதவீதம். ஆறு மாதம் பொறுத்துப் போடலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. இந்த 12ஐயும் 3ஐயும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சட்டப்படி தவறு.

முதல் சில வாரங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தன. அதை மறைக்க மாட்டேன். மாலையில் சுன்னாகத்தில் வெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றி, தறப்பாள் கட்டி, கைதடி, சாவகச்சேரி தாண்டி ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போது, இவ்வளவு பெரிய வண்டி என் கைக்கு அடங்கி ஓடுகிறது என்ற பெருமை வந்தது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லா வாகனமும் நிற்பது போல நாங்களும் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவோம். வவுனியா, மதவாச்சி, அநுராதபுரம், பிறகு புத்தளம் வழியாகச் சிலாபம், நீர்கொழும்பு. மரக்கறியைப் பேலியகொடையில் இறக்கி, புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெருவிலும் பழைய சோனகத் தெருவிலும் கடைச் சாமான் ஏற்றித் திரும்ப வேண்டும். 400 கிலோமீற்றர் ஓடுவதைவிட அந்த ஏற்றி இறக்குவதுதான் ஆளைக் கொல்லும். மூட்டை தூக்கும் நாட்டாமைமார் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கடையில் சாமான் வர மத்தியானம் ஆகும், இன்னொன்றில் பின்னேரம். இரவு முழுக்க ஓடிய கண் பகலிலும் மூடாது. அந்தக் காத்திருப்புக்கு ஒரு சதமும் கிடையாது. பிறகு அதே இரவு திரும்ப ஓட்டம். ஆகவே வேலை கேட்கப் போகும்போது, ஏற்றும் இடத்தில் ஒரு நாள் தாமதித்தால் அந்த நாளுக்கு என்ன தருவீர்கள், இறங்கிய கையோடு திரும்ப ஓட வேண்டுமா, நான் எங்கே படுப்பது என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியது இல்லை. நித்திரை இல்லாத சாரதியால் சாகப்போவது அவர் மட்டும் அல்ல.

வண்டியைப் பார்க்கிற விதத்தை எனக்குக் காட்டியவர் தென்மராட்சியைச் சேர்ந்த ஒரு மூத்த சாரதி. புத்தளத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை வாசலில் அவருடைய லொறியும் எங்களுடையதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் ஜக் கம்பியை எடுத்துத் தன் பின்சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். காற்று நிறைந்த ரயரில் கம்பி துள்ளித் திரும்பி 'டங்' என்று சத்தம் வந்தது. பிறகு கேளாமலே என் வண்டியையும் தட்டினார். இடதுபக்க உள்ரயரில் கம்பி பட்டதும் 'பொத்' என்று அமுங்கியது. வெளிரயர் நிமிர்ந்து நின்றதால் உள்ரயரில் காற்று இல்லை என்பது பார்வைக்குத் தெரியவில்லை. முழுப் பாரத்தையும் ஒற்றை ரயர் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. கையை உள்ளே விட்டு அந்த ரயரைத் தடவச் சொன்னார். வரியே இல்லாமல் வழுவழுவென்று இருந்தது, ஓர் இடத்தில் கம்பி நூல் விரலில் குத்தியது. "தம்பி, வெளியில் புது ரயர் போட்டு உள்ளே பழையதை மறைக்கிற முதலாளி உம்முடைய உயிரில் மிச்சம் பிடிக்கிறார்" என்றார். அன்றிலிருந்து எந்த வண்டியில் ஏறுவதற்கு முன்னும் நான் தட்டிப் பார்க்காமல் ஏறுவதில்லை. காற்றுப் பிரேக் உள்ள வண்டியில் காற்றுத் தாங்கியின் அடியில் இருக்கும் வளையத்தை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுவதும் அவர் சொல்லித் தந்ததுதான். புது முதலாளியிடம் பேசப் போகிற அன்றைக்கு விறாந்தைக் கதிரையில் உட்காருவதற்கு முன் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். உள்ரயரைத் தடவிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

முதலாளியிடம் அந்த ரயரைச் சொன்னேன். "அடுத்த மாதம் மாற்றுவோம்" என்றார். மாற்றவில்லை. தேய்ந்த ரயருக்கும் எரியாத பின்விளக்குக்கும் வழியில் தண்டம் எழுதினார்கள். தண்டச் சீட்டு எழுதினால் அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸ் வைத்துக்கொண்டு தற்காலிகப் பத்திரம் தருவார்கள். 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டி மீட்க வேண்டும். தவறினால் தொகை இரட்டிப்பாகும், அதற்கும் தவறினால் நீதிமன்றம். எழுதிய பொலிஸ் நிலையம் தூரத்தில் இருந்தால் அதை மீட்கப் போய் வருகிற நாளும் உங்களுடையதுதான். வண்டியின் குறைக்கு எழுதிய தண்டத்தையும் முதலாளி என் கணக்கில்தான் கழித்தார். "ஓட்டினது நீர்தானே?" என்பதே அவருடைய நியாயம். இதனால் சொல்கிறேன்: வேகத்துக்கும் தவறான முந்தலுக்கும் வரும் தண்டம் சாரதியுடையது. ரயர், விளக்கு, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், அதிக பாரம் இவற்றுக்கு வரும் தண்டம் முதலாளியுடையது. இதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காப்புறுதி இல்லாத வண்டியை ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது 25,000 ரூபா தண்டம். ஆவண உறையைத் திறந்து ஒவ்வொன்றின் திகதியையும் பார்த்த பிறகே திறப்பைத் திருகுங்கள்.

சாமான் குறைவதும் இப்படியே. வெங்காயம் வழியில் காய்ந்து நிறை குறையும். சந்தையில் நிறுக்கும்போது வருகிற வித்தியாசத்தை என் கணக்கில் போட முயன்றார்கள். கடைச் சாமானில் பெட்டி குறைந்தாலும் அதே கதை. ஏற்றும் இடத்தில் சிட்டையோடு பெட்டிகளை எண்ணுங்கள். எண்ண விடவில்லை என்றால் 'எண்ணாமல் ஏற்றப்பட்டது' என்று சிட்டையிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். இந்தச் சின்ன வேலை எனக்குப் பிறகு பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இனி அந்த இரவு. மாரிகாலம். கொழும்பிலிருந்து கடைச் சாமானோடு திரும்பிக்கொண்டிருந்தோம். வவுனியா தாண்டியதும் மழை பிடித்தது. கனகராயன்குளம் கடந்து மாங்குளத்தை நெருங்கும்போது மழை விட்டிருந்தது. ஏ9 வீதியில் கட்டாக்காலி மாடுகள் எந்தக் காலமும் உண்டு. மழைநாளில் இன்னும் மோசம். காடும் புல்லும் ஈரமாக இருப்பதால் தார் வீதியில் வந்து படுத்துவிடும். இதை அறிந்துதான் நான் மெதுவாக வந்தேன். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் கண்ணை மறைத்து விலகியதும் ஒரு பெரிய எருமை நடு வீதியில் எழுந்து நின்றது. பிரேக்கை மிதித்தேன். வழுவழுத்த பின்ரயர் ஈரத்தில் பிடிக்கவில்லை, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மோதியது. முன்கண்ணாடி முழுக்க உள்ளே கொட்டியது. றேடியேற்றரிலிருந்து கொதிநீர் சீறியது. என் கிளீனர் தம்பி, பதினெட்டு வயதைத் தாண்டி அதிக காலம் ஆகாதவன், டாஷ்போர்டில் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவன் கத்தவில்லை. கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு "அண்ணை, உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குத் தொண்டையை அடைக்கிறது.

மாங்குளம் வைத்தியசாலையில் அவனைச் சேர்த்துவிட்டு முதலாளிக்கு அழைப்பு எடுத்தேன். ஆளுக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. "சாமான் உடைந்ததா? நீ நித்திரை கொண்டுவிட்டாய், இல்லையா?" என்றார். விடியும்வரை சாமானுக்குக் காவலாக வீதியோரத்தில் நின்றேன். நனைந்த உடம்பு, பசி, பயம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பழிச்சொல். விடிந்த பிறகுதான் இன்னொன்று தெரியவந்தது: வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருந்தது. வண்டியின் சேதத்துக்கு அதில் ஒரு ரூபாவும் வராது. மாட்டுக்கு உரிமை கோரியும் யாரும் வரவில்லை, வரவும் மாட்டார்கள். ஆக, மிச்சம் இருந்த ஒரே ஆள் நான். கராஜ் செலவு 185,000 ரூபா என்று ஒரு கணக்கை முதலாளி எழுதிக் காட்டினார். கராஜ் சிட்டையைக் கேட்டேன், தரவில்லை. தரவேண்டியிருந்த இரண்டு மாதச் சம்பளமும் நடைக்காசும் பிணைக்காசும் அதற்குச் சரி என்றும், மிச்சத்தை ஓடிக் கழிக்க வேண்டும் என்றும் சொன்னார். அனுமதிப்பத்திரமும் திரும்ப அவருடைய அலுமாரிக்குள் போய்விட்டது. வேறு வேலைக்கும் போக முடியாது. வீட்டில் பிள்ளைக்குப் பால்மா வாங்கக் கடன் சொல்ல வேண்டிய நிலை. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆட்கள். பிறகு அருகில் உள்ள பொலிஸ் நிலையத்தில் பதிவு போட்டு, பதிவு இலக்கத்தை எழுதி வாங்குங்கள். முதலாளி "பொலிஸ் வேண்டாம், நாங்கள் பேசித் தீர்ப்போம்" என்று சொன்னாலும் விடாதீர்கள். வண்டியை நகர்த்துமுன் எல்லாப் பக்கத்தையும், ரயர்களையும், வீதியில் உள்ள பிரேக் கோட்டையும் படம் எடுங்கள். நான் எடுத்த படங்களில் அந்த உள்ரயர் தெளிவாக இருந்தது. பின்னர் என்னைக் காப்பாற்றியது அதுதான். காயப்பட்டவருடைய வைத்தியசாலைக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். வேலை நேரத்தில் காயப்பட்ட தொழிலாளிக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கிளீனர் என்பதால் அவனுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தம்பிக்கு விண்ணப்பம் எழுத நானும் கூடப் போனேன்.

அனுமதிப்பத்திரத்தை மீட்டது பொலிஸ் முறைப்பாட்டால். ஒரு முறைப்பாட்டுக்கே அலுமாரி திறந்துவிட்டது. சம்பளத்துக்காக யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போனேன். போவதற்கு முன் பல நாள் தயங்கினேன், ஏனென்றால் என்னிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். கடிதம் இல்லாவிட்டாலும் வேலை செய்ததைக் காட்ட வேறு எதுவும் உண்டா என்று கேட்டார். சிட்டைப் படங்கள், முதலாளி அனுப்பிய குறுஞ்செய்திகள், தண்டச் சீட்டுகள், பொலிஸ் பதிவு என்று எல்லாவற்றையும் கொடுத்தேன். அவை எல்லாவற்றிலும் வாகன இலக்கமும் திகதியும் இருந்தன. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபை இருக்கிறது என்பதும், சட்டம் அனுமதித்த கழிவுகளைத் தவிர வேறு எதற்கும் சம்பளத்தில் கை வைக்க முடியாது என்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் தொழில் நியாயசபைக்குப் போவதென்றால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஆறப்போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஒரு கொப்பி வையுங்கள். போன திகதி, வந்த திகதி, வண்டி இலக்கம், ஏற்றிய சாமான், வாங்கிய காசு, செலவழித்த காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் அதில் முதலாளியிடமோ கணக்கரிடமோ கையெழுத்து வாங்க முயலுங்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை, எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

அடுத்த வேலையைத் தேடும்போது நான் முதலாளிமாரிடம் நேரே போகவில்லை. விடிய ஐந்து மணிக்கு வண்டிகள் நிற்கும் வளவுகளுக்குப் போய் சாரதிமாரோடு பேசினேன். அதிலும் முக்கியமாக, விட்டு விலகிய சாரதிமாரைத் தேடிப் பிடித்தேன். இருப்பவர் பயத்தில் நல்லது சொல்வார், போனவர் உள்ளதைச் சொல்வார். அவர்களிடம் கேட்டவை சிலதான்: போகும்போது கணக்குத் தீர்த்துக் காசு தந்தாரா? சேமலாப நிதி இலக்கம் கிடைத்ததா? கிளீனரை எப்படி நடத்துகிறார்? என் அனுபவத்தில் கடைசிக் கேள்விதான் பெரியது. கிளீனருக்கு நேரத்துக்குச் சாப்பாடும் கூலியும் கொடுக்கிறவர் சாரதிக்கு அநியாயம் செய்ததை நான் காணவில்லை. ஓர் இடத்தில் 70,000 ரூபா தருவதாகச் சொன்னார்கள். அங்கே கடந்த வருடத்துக்குள் சாரதிமார் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்று தெரிந்ததும் திரும்பிவிட்டேன். இப்போது ஒரு விநியோக நிறுவனத்தின் லொறி ஓட்டுகிறேன். கையில் வருவது அதைவிடக் குறைவு. ஆனால் நியமனக் கடிதம் உண்டு, வண்டிக்கு முழுக் காப்புறுதி உண்டு, சேமலாப நிதிக் கணக்கில் காசு ஏறுவதை நானே பார்க்கிறேன். பெரும்பாலான இரவு வீட்டில் படுக்கிறேன். கொழும்பு ஓட்டத்தை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நேர்மையான கொழும்பு லொறி முதலாளிமாரும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், அவர்களிடம் பல வருடங்களாக ஓடுகிற சாரதிமார் எனக்குப் பழக்கம்.

உடம்பைப் பற்றியும் ஒரு சொல். விடியப்புறம் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் கண் தானாக மூடும். வெற்றிலையும் கோப்பியும் அதைத் தடுக்காது. வெளிச்சமுள்ள எரிபொருள் நிலையத்தில் நிறுத்தி அரை மணி நேரம் படுங்கள், எந்த முதலாளி கத்தினாலும் படுங்கள். கொழும்புப் பக்கம் ஓடப்போகிறவர்கள் நாலு வசனம் சிங்களம் பேசப் பழகுங்கள். தண்டச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு விளங்கிக்கொள்ளவாவது அது வேண்டும். விளங்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இது பொலிஸுக்கும் பொருந்தும், முதலாளிக்கும் பொருந்தும்.

என் கணக்கு இன்னும் முடியவில்லை. தொழில் திணைக்களம் இருவரையும் அழைத்து விசாரித்த பிறகு பழைய முதலாளி இரண்டு மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கட்டினார். வேலை செய்த காலத்துக்கான சேமலாப நிதியையும் கட்ட வைத்தார்கள். பிணைக்காசு 50,000 ரூபா கொடுத்ததற்கு என்னிடம் காகிதம் இல்லாததால் அது இழுபடுகிறது. கிளீனர் தம்பியின் நட்டஈட்டு விண்ணப்பமும் நடந்துகொண்டிருக்கிறது. அவன் கை நன்றாகக் கூடிவிட்டது, இப்போது பட்டா ஓட்டுகிறான். அடுத்த விசாரணைக்கு அவனோடு நானும் போகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாரும் கூட வருவதென்றால் சொல்லுங்கள், எந்தக் காகிதங்களைக் கொண்டுவர வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.